கடையில் ஐ3 விற்கிறது, பங்கில் ஏன் லாபம் இல்லை?

கோவையில் கணினி விற்பனை மற்றும் பழுதுபார்ப்புக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

2021-இல் ஓர் ஆப் மூலம் டாலரில் பணம் அனுப்பி, கணினி ப்ராசஸர் செய்யும் இன்டெல் நிறுவனத்தின் பங்கை நான்கு லட்சம் ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். சராசரி விலை 55 டாலர். அவர் சொன்ன காரணம் (ஐ3, ஐ5, ஐ9 என்பவை விலை ஏறும் வரிசையில் இன்டெலின் ப்ராசஸர் மாடல்கள்): "என் கடைக்குப் பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் ஐ3 அல்லது விலை குறைந்த ஐ5 கேட்கிறார்கள். ஐ9 எப்போதாவதுதான் மூவ் ஆகிறது. அதிகம் விற்பவன்தானே அதிகம் சம்பாதிப்பான்?" அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருக்கும் அவருடைய மைத்துனர், "பட்ஜெட் ப்ராசஸரில் காசே இல்லை மாமா, பிரீமியத்தில்தான் இருக்கிறது. ஏஎம்டி வாங்குங்கள்" என்று, இன்டெலின் போட்டி நிறுவனத்தைக் காட்டி விடாமல் சொல்லிவந்திருக்கிறார். இன்டெல் பங்கு விழுந்த பிறகு, மைத்துனர் சொன்னதே சரி என்று இவருக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. இப்போது பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கு ஏஎம்டி வாங்க நினைக்கிறார். எட்டு லட்சத்துக்கு மனைவியின் நகைகளை 9.5 சதவீத வட்டிக்கு அடகு வைப்பதாகத் திட்டம். மீதி நான்கு லட்சம் கடையின் சரக்குப் பணம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பங்கை வருமான வரிக் கணக்கில் இதுவரை காட்டியதும் இல்லை. எங்கள் இருவரில் யார் சரி, இன்டெலை விற்கலாமா, நகைக் கடன் வாங்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைத்து இந்தப் பங்கை வாங்க வேண்டாம். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் வீட்டு விவாதத்தைப் பார்த்துவிடலாம். அதில் இருக்கும் பிழை தெரிந்தால், பன்னிரண்டு லட்சத்தை ஒரே பங்கில் வைக்கும் அவசரம் தானாகவே குறையும் என்று நம்புகிறேன்.

உங்கள் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் எண்ணிக்கை தெரியும், லாபம் தெரியாது. நீங்கள் பங்கு வாங்கிய 2021-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலை, ஆன்லைன் வகுப்பு என்று உலகமே லேப்டாப் வாங்கிக்கொண்டிருந்த நேரம். அந்த வருடத்தின் முதல் காலாண்டில் இன்டெல் விற்ற பிசி ப்ராசஸர்களின் எண்ணிக்கை முந்தைய வருடத்தைவிட 38 சதவீதம் கூடியது. அந்தப் பிரிவின் வருமானமோ 8 சதவீதம்தான் கூடியது. லேப்டாப் ப்ராசஸரின் சராசரி விலை சுமார் 20 சதவீதம் இறங்கியிருந்தது முக்கியக் காரணம். பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கப்பட்ட மலிவான லேப்டாப்களும் குரோம்புக்குகளும் எண்ணிக்கையை ஏற்றின. வருமானம் அதே வேகத்தில் ஏறவில்லை. அந்தச் சமயத்தில் உங்கள் கடையிலும் சரக்கு நிற்காமல் போயிருக்கும். அதைப் பார்த்துத்தான் நீங்கள் பங்கு வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அதோடு, பெட்டியில் அடைத்து உங்கள் கடைக்கு வரும் ப்ராசஸர் மொத்த வியாபாரத்தில் ஒரு சிறு பகுதி. பெரும்பகுதி எச்பி, டெல், லெனோவோ போன்ற நிறுவனங்களுக்கு நேராகப் போகிறது. சர்வர் ப்ராசஸர்களை அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள், மெட்டா போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அந்த வியாபாரம் எந்தக் கடையின் கண்ணிலும் படாது.

ஒரே சிப்புக்குப் பல விலை

பட்ஜெட் ப்ராசஸர் என்றால் மட்டமான சரக்கில் தனியாகச் செய்வது என்று எழுதியிருக்கிறீர்கள். பல நேரங்களில் அப்படி இல்லை. இந்த விவாதத்துக்கே ஆதாரமான இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2019-இல் ஏஎம்டி, ஜென் 2 என்ற வடிவமைப்பில் எட்டு கோர் (கணக்குப் போடும் பகுதி) கொண்ட ஒரு சின்ன சிப்லெட்டை, அதாவது ப்ராசஸருக்குள் பொருத்தும் துண்டு சிப்பைக் கொண்டுவந்தது. அதில் ஒன்றைப் போட்டால் ரைசன் 7 3700எக்ஸ்; அறிமுக விலை 329 டாலர். அதே சிப்லெட்டில் இரண்டு கோர்களை அணைத்துவிட்டால் ஆறு கோர் ரைசன் 5 3600. விலை 199 டாலர். அதே மாதிரி எட்டு சிப்லெட்டுகளை ஒன்றாகப் பொருத்தினால் 64 கோர் கொண்ட எபிக் 7742 என்ற சர்வர் ப்ராசஸர். பட்டியல் விலை 6,950 டாலர். வகுத்துப் பாருங்கள். சர்வருக்குள் போகும் சிப்லெட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 870 டாலர் கொண்டுவருகிறது. உங்கள் கடைக்கு வருவது 329 அல்லது 199. சர்வர் ப்ராசஸரில் தரவு உள்ளே வெளியே போவதைக் கவனிக்கும் பெரிய ஐ/ஓ சிப் கூடுதலாக உண்டு, சோதனைச் செலவு அதிகம், பெரிய வாடிக்கையாளர்கள் பட்டியல் விலையைக் கொடுப்பதும் இல்லை. எல்லாவற்றையும் கழித்தாலும் வித்தியாசம் பெரியதுதான்.

அப்படியானால் 199 டாலருக்கு ஏன் விற்கிறார்கள்? வேஃபர் என்ற சிலிக்கான் தட்டில் அச்சாகும் சிப்கள் எல்லாமே முழுதாகத் தேறுவதில்லை. ஒன்றிரண்டு கோர் கெட்டுப்போன சிப்பைத் தூக்கி எறிந்தால் நஷ்டம். அந்தக் கோர்களை அணைத்துவிட்டு விலை குறைத்து விற்றால், வீணாக வேண்டியது காசாகிறது. நீங்கள் தினமும் விற்கும் இன்டெலின் 'எஃப்' மாடல்களில் கிராஃபிக்ஸ் அணைக்கப்பட்டிருப்பதற்குப் பின்னாலும் இதே கணக்கு இருக்கிறது. ஆக, தேறாத சிப்பைப் பட்ஜெட்டில் விற்பது கெட்டிக்காரத்தனம். பட்ஜெட் சரக்குக்குத் தேவை அதிகமாகி, நன்றாகத் தேறிய சிப்பையும் கோர் அணைத்து விற்கும் நிலை வந்தால் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு வாய்ப்பை இழக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி, ஒரே விலை. கடைக்காரருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

ஃபேக்டரி யாருடையது?

இன்டெலுக்குச் சொந்த ஃபேக்டரிகள் இருக்கின்றன. ஏஎம்டி தன் ஃபேக்டரிகளை 2009-இலேயே குளோபல்ஃபவுண்டரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. இன்று அதன் முக்கியமான சிப்களைத் தைவானின் டிஎஸ்எம்சி செய்து தருகிறது. பட்ஜெட் ப்ராசஸரின் அர்த்தமே இதனால் மாறிவிடுகிறது.

சொந்த ஃபேக்டரி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்மானச் செலவு விழுந்துகொண்டே இருக்கும். அது பாதி காலியாக நிற்கும்போது, குறைந்த லாபத்துக்காவது பட்ஜெட் சிப்பைச் செய்து விற்பது நல்லது. ஃபேக்டரி நிரம்பி வழியும்போது அதே பட்ஜெட் சிப் இடைஞ்சலாகிவிடும். 2018-இல் இன்டெலுக்கு இது நேர்ந்தது. 14 நானோமீட்டர் உற்பத்தி தேவைக்குப் போதவில்லை. அப்போதைய தற்காலிகத் தலைமை அதிகாரி பாப் ஸ்வான் அந்தச் செப்டம்பரில் எழுதிய வெளிப்படையான கடிதத்தில், சர்வருக்கான ஜீயான், 'கோர்' என்ற பெயரில் வரும் ஐ-வரிசை ஆகிய ப்ராசஸர்களுக்கு முன்னுரிமை கொடுப்பதாகவும், தொடக்கநிலை பிசிகளுக்கான சப்ளை நெருக்கடியில் இருப்பதாகவும் சொன்னார். அந்த வருடம் இன்டெலின் வருமானம் 70.8 பில்லியன் டாலர், மொத்த லாப விகிதம் (வருமானத்தில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சும் பங்கு) கிட்டத்தட்ட 62 சதவீதம். மைத்துனர் கட்சிக்கு இது பெரிய சான்று. ஆனால் இன்டெல் விட்ட இடத்தில் ஏஎம்டி நுழைந்தது. 2019 தொடக்கத்தில் ஏஎம்டி சிப் போட்ட குரோம்புக்குகளே வந்துவிட்டன.

ஏஎம்டிக்கோ டிஎஸ்எம்சி தரும் வேஃபர்கள்தான் எல்லை. 2021-இல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. அப்போது ஏஎம்டியின் தலைமை அதிகாரி லிசா சூ, பிசி சந்தையின் கீழ்த்தட்டுக்குத் தேவையைவிடக் குறைவாகத்தான் அனுப்புகிறோம் என்று முதலீட்டாளர்களிடம் மறைக்காமல் சொன்னார். வேஃபர்கள் சர்வருக்கும் விலை உயர்ந்த லேப்டாப்களுக்கும் போயின. அந்த வருட வருமானம் 68 சதவீதம் ஏறி 16.4 பில்லியன் டாலரைத் தொட்டது. மொத்த லாப விகிதம் 45-லிருந்து 48 சதவீதமானது.

எனவே ஒரு முதலீட்டாளர் கேட்க வேண்டியது, இந்தக் காலாண்டில் நிறுவனத்திடம் உற்பத்தித் திறன் மிச்சம் இருக்கிறதா, தட்டுப்பாடா, அதை எங்கே திருப்புகிறார்கள் என்பதைத்தான். இரண்டு நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளிலும் பிரிவுவாரி வருமானம், மொத்த லாப விகிதம், கையிருப்புச் சரக்கு மூன்றும் இருக்கும். இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கடை நடத்தி, சரக்கு தேங்கினால் என்ன ஆகும் என்று பட்டறிந்த உங்களுக்கு அதைப் படிப்பது மற்றவர்களைவிட எளிதாகவே இருக்கும்.

மைத்துனரும் முழுக்கச் சரி இல்லை

பிரீமியத்தில் லாபம் அதிகம் என்பது உண்மை. ஆனால் பிரீமியம் விலை வைப்பது ஒரு நிறுவனம் தானாக எடுக்கும் முடிவு போல அவர் பேசுகிறார். 2011-இல் வந்த புல்டோசர் ப்ராசஸரை ஏஎம்டி விலை குறைத்துத்தான் தள்ள முடிந்தது, ஏனென்றால் இன்டெலுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 2015-இல் ஏஎம்டியின் மொத்த லாப விகிதம் 27 சதவீதம், நிகர நஷ்டம் 660 மில்லியன் டாலர், பங்கு ஒரு கட்டத்தில் இரண்டு டாலருக்கும் கீழே. அன்று அவர்கள் பட்ஜெட் நிறுவனமாக இருந்தது விரும்பி அல்ல.

2017-இல் ரைசன் வந்தபோது நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பாடம். எட்டு கோர் ரைசன் 7 1800எக்ஸ் 499 டாலர். அதோடு ஒப்பிடக்கூடிய இன்டெலின் எட்டு கோர் ஐ7-6900கே ஆயிரம் டாலருக்கு மேல். இன்டெல் கண்ணோட்டத்தில் ஏஎம்டி பாதி விலைக்கு விற்றது. ஏஎம்டி கண்ணோட்டத்தில், அதற்கு முன் தான் விற்றுவந்ததைவிட அது எவ்வளவோ உயர்ந்த விலை. லாப விகிதம் அந்த வருடம் 34 சதவீதத்துக்கு ஏறியது. வாங்குபவருக்கு மலிவு, விற்பவருக்கு பிரீமியம், இரண்டும் ஒரே பொருளில்! நீங்களும் மைத்துனரும் இதை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

இன்னும் பழைய ஆளாக இருந்தால் 1998-உம் ஞாபகம் இருக்கும். ஆயிரம் டாலருக்குக் கீழான கணினிகளில் ஏஎம்டி கே6 வேகமாக இடம் பிடித்ததும், இன்டெல் அவசரமாக செலரான் என்ற மலிவு ப்ராசஸரைக் கொண்டுவந்தது. எல்2 கேஷ் என்ற வேக நினைவகம் இல்லாத முதல் செலரானை யாரும் மதிக்கவில்லை. சில மாதங்களில் வந்த 300ஏ மாடலோ, வேகத்தைக் கூட்டி ஓட்டினால் நான்கு மடங்குக்கும் மேல் விலையுள்ள இன்டெலின் பென்டியம் 2-ஐயே எட்டிப் பிடித்தது. கீழ்த்தட்டை விட்டுவிட்டால் எதிராளி வளர்கிறான், நன்றாகச் செய்தால் தன் மேல்தட்டையே அது அரிக்கிறது. அந்த இழுபறி இன்றைக்கும் தீரவில்லை.

இன்னொன்று. இன்றைய பிரீமியம் என்பது ஐ9-ஓ ரைசன் 9-ஓ அல்ல, டேட்டா சென்டர். 2024-இல் ஏஎம்டியின் மொத்த வருமானம் 25.8 பில்லியன் டாலர். அதில் டேட்டா சென்டர் பிரிவு 12.6 பில்லியன், உங்கள் கடையில் விற்கும் பிசி ப்ராசஸர்கள் அடங்கிய பிரிவு 7.1 பில்லியன். அந்த 12.6-இலும் ஐந்து பில்லியனுக்கு மேல் ஏஐ வேலைக்கான ஜிபியு. அதாவது ஏஎம்டி பங்கை வாங்குபவர், என்விடியாவோடு ஏஎம்டி போட்டிபோட முடியுமா என்பதன் மீதும் பணம் கட்டுகிறார். பட்ஜெட்டா பிரீமியமா என்ற விவாதத்தில் வென்றவருக்குக்கூட இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

கையில் இருக்கும் இன்டெல் பங்கு

இன்டெல் விழுந்ததற்கு ஐ3 அதிகம் விற்றது காரணம் இல்லை. 2024-இல் நிகர நஷ்டம் 18.8 பில்லியன் டாலர். ஃபேக்டரிப் பிரிவின் செயல்பாட்டு நஷ்டம் மட்டுமே 13.4 பில்லியன், பிசி ப்ராசஸர் பிரிவு லாபத்தில்தான் இருந்தது. புதிய உற்பத்தித் தொழில்நுட்பத்துக்குச் செய்த பெருஞ்செலவு, பிந்திப்போனது, சர்வரில் இடம் இழந்தது, 2020 முதல் ஆப்பிள் சொந்த சிப்புக்கு மாறியது என்று காரணங்கள் பல. டிவிடெண்டை 2023-இல் வெட்டினார்கள், 2024 கடைசிக் காலாண்டிலிருந்து நிறுத்தினார்கள். 2025-இல் அமெரிக்க அரசே சுமார் பத்து சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட நிறுவனம் மீளவும் கூடும், இன்னும் சரியவும் கூடும்.

'வாங்கின விலை வந்தால் விற்றுவிடுவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 55 டாலர் இன்டெலுக்கும் தெரியாது, சந்தைக்கும் தெரியாது. இன்று அந்தப் பணம் ரொக்கமாகக் கையில் இருந்தால் இதே பங்கை வாங்குவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் விற்கலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதால் இது நீண்டகாலக் கணக்கில் வரும், லாபமானால் 12.5 சதவீத வரி. நஷ்டமானால், கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால், எட்டு வருடம் வரை முன்னெடுத்து மற்ற நீண்டகால மூலதன லாபத்தில் கழிக்கலாம். கணக்கு ரூபாயில் போடப்படும். நீங்கள் வாங்கிய பிறகு ரூபாயின் மதிப்பு இறங்கியிருப்பதால், டாலரில் தெரிவதைவிட உங்கள் நிலைமை சற்றுப் பரவாயில்லை.

நகை, கடன், வரி

வெளிநாட்டு முதலீட்டுக்காகத் தனிநபர் பணம் அனுப்புவதற்கு வங்கிகள் எந்தக் கடனும் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நகைக் கடனை வேறு காரணம் சொல்லி வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்புவது அந்த விதியைச் சுற்றிப்போவதுதான். அதை நான் ஆதரிக்க முடியாது. தவிர, 9.5 சதவீத வட்டி நிச்சயம். பங்கின் ஏற்றம் நிச்சயம் இல்லை. பங்கு பாதியாகும் சமயத்தில் நகை ஏலத்துக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

அந்த நகைகள் உங்கள் மனைவியுடையவை. திருமணத்தின்போதும் பின்பும் அவருக்கு வந்த நகை அவருடைய தனிச் சொத்து. கணவருக்கு அதில் உரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2024-இலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். அவருடைய தம்பியின் பேச்சைக் கேட்டு, அவருடைய நகையை, அவருக்கே தெரியாமல் அடகு வைத்தால், நஷ்டம் வரும் நாளில் அக்காவும் தம்பியும் நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகும். இன்றே அவரிடம் பேசுங்கள், இன்டெல் நஷ்டத்தையும் சேர்த்து.

கடையின் சரக்குப் பணத்தையும் தொட வேண்டாம் என்கிறேன். 2023 முதல் காலாண்டில் பிசி சந்தை படுத்தபோது ஏஎம்டியின் பிசி பிரிவு வருமானம் 65 சதவீதம் இறங்கி 739 மில்லியன் டாலரானது. அந்தப் பிரிவு நஷ்டத்துக்கும் போனது. அப்படி ஒரு காலம் திரும்பினால் உங்கள் கடை வியாபாரமும் சேர்ந்தே சுருங்கும். கடையும் ஏஎம்டியும் இன்டெலும் ஒரே நேரத்தில் விழுந்தால், அன்று தாங்கிப்பிடிக்க உங்களிடம் இருக்க வேண்டியது அந்த நான்கு லட்சம்தான்.

வரி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் பத்து லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் உண்டு. 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. முந்தைய வருடங்கள் பற்றி ஆடிட்டரிடம் கேட்டே ஆக வேண்டும். 2021 முதல் 2024 வரை உங்களுக்கு இன்டெல் டிவிடெண்ட் வந்திருக்கும். அமெரிக்காவில் 25 சதவீதம் பிடித்திருந்தாலும் அது இங்கேயும் வருமானம்தான். அங்கே பிடித்ததை இங்கே கழித்துக்கொள்ள படிவம் 67 தாக்கல் செய்திருக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் ஏஎம்டி மீது நம்பிக்கை இருந்தால், வீட்டுக்கு ஆறு மாதச் செலவுப் பணத்தையும் கடைக்கு வேண்டியதையும் ஒதுக்கிய பின் மிஞ்சுவதில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். மொத்த முதலீட்டில் ஐந்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. வருடத்துக்குப் பத்து லட்சத்துக்குள் அனுப்பினால் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடித்தம் இருக்காது. நீங்கள் நினைத்தபடி பன்னிரண்டு லட்சம் அனுப்பினால், மேற்பட்ட இரண்டு லட்சத்துக்கு 20 சதவீதம், அதாவது நாற்பதாயிரம் ரூபாய், பிடிப்பார்கள். அது வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் அதுவரை முடங்கும். ஒரே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் சுமையே வேண்டாம் என்றால், அமெரிக்கப் பங்குக் குறியீடுகளைப் பின்பற்றும் இந்திய ஃபண்டுகள் இருக்கின்றன. ரூபாயிலேயே போடலாம், வெளிநாட்டுச் சொத்து அட்டவணையும் தேவையில்லை. வெளிநாட்டு முதலீட்டு உச்சவரம்பு காரணமாகச் சில சமயம் புதிய பணம் வாங்குவதை நிறுத்திவைப்பார்கள், அவ்வளவுதான்.

ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது ஆப்பில் இருந்து 2021 முதலான வருடாந்திர அறிக்கைகளையும் டிவிடெண்ட் விவரங்களையும் இறக்கிக் கொண்டுபோங்கள். வெளிநாட்டுச் சொத்து அட்டவணைக்கு அவர் ஏப்ரல் முதல் மார்ச் வரை அல்லாமல், ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கைத்தான் கேட்பார்.